மைதா இல்லாமலும் நிற்கும் பிளம் கேக்

டிசம்பர் பிறந்ததும் தலச்சேரிக் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். அஞ்சரக்கண்டியில் பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டோக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் சீமையிலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்து, இதேபோல் செய்ய முடியுமா என்று பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபுவிடம் கேட்டாராம். ஆண்டு 1883. பிரெஞ்சு பிராந்தி சேர்க்க வேண்டும் என்பது துரையின் யோசனை. பாபு அதை விட்டுவிட்டு, முந்திரிப் பழமும் கதலிப் பழமும் சேர்ந்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்கிறார்கள். கேக் நன்றாகவே வந்தது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று போற்றப்படுவதே சேர்மானம் மாற்றிச் செய்த கேக்தான். ஆகவே சர்க்கரை நோயாளிக்கு ஒன்று, கோதுமை ஆகாதவருக்கு ஒன்று, முட்டை தொடாதவருக்கு ஒன்று என்று மாற்றிச் செய்வதை மரபு மீறலாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. எதை எடுத்தால் எது கெடும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

கேக் வகைகளில் இப்படிக் கைவைக்க மிகத் தோதானது பழக் கேக். ஸ்பான்ஜ் கேக்கின் உயரமெல்லாம் முட்டை நுரையும் மாவும் தாங்கிப் பிடித்த காற்று. அதில் ஒரு பொருளை மாற்றினாலும் நடு அமுங்கிவிடும். பழக் கேக் அப்படி உப்பி எழவே வேண்டியதில்லை. எடையில் பெரும்பங்கு உலர்பழமும் பருப்பும். மாவுக் கலவை செங்கல்லுக்கு இடையே பூசிய சாந்து மாதிரி, ஒட்டிப் பிடித்தால் சரி.

கோதுமையில் தொடங்கலாம். கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இவை சேர்ந்து குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. பரோட்டா மாவு வீச்சுக்கு வருவதற்கு இந்த வலைதான் காரணம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ இதுவே நஞ்சு: குளூட்டன் குடலுக்குள் போனால் அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் குடலின் உட்சுவரையே தாக்குகிறது. இந்தத் தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, அவரிடம் சிகிச்சை பெற்ற சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950-ல் இதை ஆய்வேடாகவே எழுதினார்.

ரொட்டிக்குக் குளூட்டன் உயிர். பழக் கேக்குக்கு அப்படியில்லை. வலை அதிகமானால் கேக் ரப்பராகும் என்று பயந்து, மாவைப் போட்டபின் அதிகம் கலக்காதே என்றுதான் சமையல் குறிப்புகள் எச்சரிக்கின்றன. அதனால் மைதாவை எடுத்துவிட்டுப் பச்சரிசி மாவும் கேழ்வரகு மாவும் பாதாம் பொடியும் கலந்து போட்டால் கேக் நிற்கும். வெட்டும்போது கொஞ்சம் உதிரும். அதைத் தடுக்க மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் ஒரு தேக்கரண்டி போதும். அது தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, குளூட்டன் செய்திருக்க வேண்டிய வேலையில் பாதியைச் செய்யும். அரிசி மாவு நறநறவென்று நாக்கில் படாமலிருக்க, கலவையை அரை மணி நேரம் ஊறவிட்டு அடுப்பேற்ற வேண்டும்.

இங்கே இலங்கையின் கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் செய்யும் அந்தக் கேக்கில் மைதாவுக்குப் பதில் வறுத்த ரவை, நிறைய முந்திரி, நீற்றுப்பூசணி மிட்டாய், ரோஸ் வாட்டர், வெள்ளைக்கருவைவிட அதிகமாக மஞ்சள்கரு. என் கட்சி கேட்டால் பிளம் கேக் வகையறாவில் இதற்குத்தான் முதலிடம். ஆனால் மைதா இல்லை என்று நம்பிச் சீலியாக் நோயாளிக்குக் கொடுத்துவிடக் கூடாது. ரவையும் கோதுமைதான்.

முட்டையை எடுப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. சூட்டில் இறுகிக் கேக்கைக் கட்டுவதும், வெண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைப்பதும் முட்டையின் வேலைகள். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்தால் வரும் வழுவழுப்பு இரண்டையும் ஓரளவு செய்துவிடும். கடைகளில் விற்கும் முட்டையில்லாக் கேக் பலவற்றில் முட்டையின் இடத்தில் இருப்பது இனிப்பூட்டிய கெட்டிப்பால். சைவமாயிற்று, சர்க்கரை கூடிற்று.

அந்தச் சர்க்கரைதான் உண்மையான தலைவலி. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. பண்டிகைக்குக் கூடும் எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். மாவை மாற்றுவதுபோல் சர்க்கரையை மாற்ற முடியாததற்குக் காரணம், கேக்கில் அது இனிப்புக்காக மட்டும் இல்லை. வெண்ணெயோடு தேய்க்கும்போது அதன் படிகங்கள்தான் கொழுப்புக்குள் காற்றுக் குமிழிகளைச் செலுத்துகின்றன. பேக்கிங் பவுடர் அந்தக் குமிழிகளைப் பெரிதாக்குகிறதே தவிர புதிதாக உண்டாக்குவதில்லை. நீரைப் பிடித்து வைத்துக் கேக்கை ஈரமாக வைப்பதும், கருகிக் கேரமலாகி அந்தக் கறுப்பு நிறத்தைத் தருவதும் சர்க்கரையே. கிருமிகளுக்கு நீர் கிடைக்காமல் செய்து கேக்கைக் காப்பதும் அதுதான். அண்டார்க்டிகாவின் கேப் அடேரில் ஒரு பழைய குடிசையிலிருந்து 2017-ல் ஒரு பழக் கேக் கிடைத்தது. தென்துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினர் கொண்டுபோனதாகக் கருதப்படும், ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் தயாரிப்பான அதற்குச் சுமார் 106 வயது. டப்பா துருப்பிடித்திருந்தது, கேக்கோ கிட்டத்தட்டச் சாப்பிடும் நிலையில் இருந்தது. குளிர் பாதிக் காரணம் என்றால் சர்க்கரை மீதிக் காரணம்.

இத்தனை வேலையையும் சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவை செய்யாது. அவற்றால் இனிப்பு வரும், பருமன் வராது. எரித்ரிட்டால் பருமன் தரும், ஆனால் நிறம் தராது. நாக்கில் ஒரு சில்லிப்பும் விடும். கருப்பட்டி, வெல்லம், தேன் போட்டால் நல்லது என்பது நம்மவர்களின் பெரிய நம்பிக்கை. ருசிக்குப் போடலாம், கருப்பட்டியின் மணம் பழக் கேக்குக்கு அற்புதமாகச் சேரும். ரத்தச் சர்க்கரைக்கு அவற்றால் பெரிய வித்தியாசமில்லை.

சர்க்கரையே சேர்க்காமல் பேரீச்சம்பழ விழுதில் செய்தால்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உலர் திராட்சையிலும் பேரீச்சையிலும் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. ஒரு கிலோ கேக்கில் 400 கிராம் உலர்பழமும் 150 கிராம் பேரீச்சை விழுதும் போனால், ஒரு சிட்டிகை சீனி போடாமலேயே 350 கிராம் சர்க்கரை உள்ளே இருக்கிறது. 40 கிராம் துண்டில் 14 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. சர்க்கரை சேர்க்கப்படாதது என்ற வாசகத்தைப் பெட்டியில் பார்த்து இரண்டு துண்டு கூடுதலாக எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மைதாவுக்குப் பதில் வெறும் அரிசி மாவு போட்டு, ஆரோக்கியம் என்று சர்க்கரை நோயாளிக்கு ஊட்டுவதும் இதே ரகம்; அரிசி மாவு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

வழி, பழத்தைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவது. 400 கிராம் உலர்பழத்தை 250 ஆக்கி, மீதிக்கு பாதாம், வால்நட், பூசணி விதை. துண்டுக்குச் சர்க்கரை 10 கிராமுக்கு இறங்கும். கொழுப்பும் புரதமும் சேர்வதால் அது ஏறுவதும் நிதானப்படும். டூட்டி ஃப்ரூட்டியைத் தாராளமாக வெளியேற்றலாம். பப்பாளிக் காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியதுதான் அது. நிறத்துக்கு கேழ்வரகும், ஒரு கரண்டி கோகோவும், காபி டிகாஷனும் போதும்.

பருப்பு ஒவ்வாதவர்களுக்கு விதைகளை மட்டும் போடலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில், பொன்னிறமாக மினுக்கும் உலர் திராட்சையும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டும் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நிறம் மங்காமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு காட்டியிருப்பார்கள். 220 என்ற எண் அதைத்தான் குறிக்கிறது. சிலருக்கு அது மூச்சிரைப்பைக் கிளப்பும். கறுப்பு உலர் திராட்சை பெரும்பாலும் பாதுகாப்பானது.

சிறுநீரக நோயாளிகளின் நிலைமை தலைகீழ். 100 கிராம் உலர் திராட்சையில் 700 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது, ஆப்ரிகாட்டில் அதைவிட அதிகம். பருப்பு வகைகளும் குறைவில்லை. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவருக்கு, பார்த்துப் பார்த்துச் செய்த இந்தச் சத்தான கேக்கைவிடப் பழமே இல்லாத சாதாரண வெண்ணெய்க் கேக்கில் ஒரு சிறு துண்டு மேல். ஆரோக்கியக் கேக் என்று பொதுவாக ஒன்றைச் செய்துவிட முடியாது. யார் சாப்பிடப் போகிறார் என்று கேட்டுக்கொண்டுதான் மாவையே அளக்க வேண்டும்.

மதுவுக்கு வருவோம். சுட்டால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். ஒரு மணி நேரம் வெந்தாலும் ஊற்றியதில் கால் பங்கு ஆல்கஹால் தங்கும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம். வெந்தபின் மேலே ஊற்றும் ரம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் செய்யும்போது அதைத் தவிர்ப்பதில் நஷ்டமில்லை. ஊறவைப்பதன் முதல் நோக்கம், காய்ந்த பழம் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக் கேக்கை வறளச் செய்யாமல் பார்த்துக்கொள்வது. ஆரஞ்சுச் சாற்றிலோ, வேல்ஸ் நாட்டு பாரா பிரித் ரொட்டிக்குச் செய்வதுபோல் கடுந்தேநீரிலோ ஓர் இரவு ஊறினாலே பழம் உப்பிவிடும். அவசரம் என்றால் அதே சாற்றில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைக்கலாம்.

அளவு வேண்டுமென்றால்: பச்சரிசி மாவு 100 கிராம், கேழ்வரகும் பாதாம் பொடியும் 50 கிராம் வீதம், வெண்ணெய் 125, பேரீச்சை விழுது 150, முட்டை மூன்று, இசப்கோலும் பேக்கிங் பவுடரும் ஒவ்வொரு தேக்கரண்டி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஊறிய பழமும் பருப்பும் 400. டின்னுக்குள் இரண்டு அடுக்கு பட்டர் பேப்பர் போட்டு, 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். மைதா, முட்டை, சர்க்கரை மூன்றையும் ஒரே முயற்சியில் எடுத்தால் கேக் களியாக வாய்ப்பு அதிகம்; முதல் தடவை முட்டையை விட்டுவையுங்கள். சீலியாக் நோயாளிக்கு என்றால் மைதா சலித்த சல்லடையும் மைதா பூசிய டின்னும் கூடவே கூடாது.

பாபுவின் கேக்கைப்போல் இது வாரக்கணக்கில் மேசையில் இருக்காது. சீனியும் மதுவும் குறைந்த கேக்கில், டிசம்பர் மாதத்துச் சென்னை ஈரத்துக்கு நான்கைந்து நாளிலேயே பூஞ்சை வரலாம். நன்றாக ஆறியதும் துண்டு போட்டு, இலங்கைக்காரர்கள் செய்வதுபோல் ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம், ஃப்ரீசரில் பொங்கல் வரை தாங்கும். 40 கிராம் என்ற அளவும் அப்போது தானாகவே அமைந்துவிடும்.