கல்லுக்குள் குமாஸ்தா!

எங்கள் வீட்டு பாத்ரூமில் ஆறு வாரம் கல் ஊறியது.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். கல்! அரிசி ஊறும், உளுந்து ஊறும், மாங்காய் ஊறும். கல் ஊறுமா? ஊறும் சார். ஊற வேண்டும். ஊறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு மரணங்கள் சாட்சி.

அந்தச் சோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் பெண்ணின் ஏழாவது பிறந்தநாளுக்குக் கடல் மீன் தொட்டி வாங்குவது என்று முடிவு. இருநூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. கொளத்தூர் மீன் கடைக்காரர் தொட்டி, உப்பு, பம்ப், ஒரு மூட்டைக் கல் எல்லாம் கொடுத்துவிட்டு, "மீன் ரெண்டு மாசம் கழிச்சு வாங்கிக்கங்க சார்" என்றார். பிறந்தநாள் என்ன, ரெண்டு மாசம் தள்ளியா வரும்? நேராக அடுத்த கடைக்குப் போய், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டேன். காலையில் தண்ணீர், மதியம் கல், சாயங்காலம் மீன். என் பெண் உடனே பெயரும் வைத்தாள். பெரியது பூரி, சின்னது கிழங்கு.

மூன்றாம் நாள் பூரி போயிற்று. நான்காம் நாள் கிழங்கு.

"அப்பா, தண்ணி பளபளன்னுதானே இருந்துது? அப்புறம் ஏன்ப்பா செத்துப் போச்சு?"

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? மறுபடி கொளத்தூர் போய், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. "உங்க கல்லு இன்னும் வெறும் கல்லுதான் சார். அதுக்கு வேலை தெரியாது" என்றார்.

கல்லுக்கு என்ன வேலை? அவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொன்னதையும், அப்புறம் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம்ம ஆபீஸ் மாதிரியேதான்.

மீன் தின்கிறது. தின்றதன் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. நிறம் கிடையாது, தண்ணீர் பளபளவென்றே இருக்கும். ஆனால் விஷம். அதிலும் கடல் தண்ணீரின் காரத்தன்மைக்கு, அம்மோனியாவின் விஷ வடிவம் நல்ல தண்ணீரில் இருப்பதைவிட அதிகம்.

இந்த அம்மோனியா ஃபைலை முடிக்க இரண்டு குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பாக்டீரியாக்கள். முதல் மேஜைக்காரர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி அடுத்த மேஜைக்குத் தள்ளுவார். இரண்டாவது மேஜைக்காரர் அதை நைட்ரேட்டாக்கி ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்பிவிடுவார். அங்கே அது அவ்வளவு தொந்தரவு செய்யாது. அவ்வப்போது தண்ணீரை மாற்றினால் வெளியே போய்விடும். இந்த ஆசாமிகளைத் தனியாகப் பிரித்து உலகத்துக்குக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில்.

சரி, குமாஸ்தா உட்கார மேஜை வேண்டாமா? அதுதான் கல்! பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் சுண்ணாம்புக் கல். கடலில் கிடந்த உயிருள்ள கல்லை வைத்தே கடல் மீன் வளர்க்கலாம் என்று 1961-ல் பத்திரிகையில் எழுதியவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். அதற்கு ஆங்கிலத்தில் 'லைவ் ராக்' என்று பேர். நான் வாங்கியது ட்ரை ராக். அதாவது காய்ந்த கல். ஆபீஸ் கட்டடம் ரெடி, மேஜை நாற்காலி ரெடி. ஆள்தான் ஒருத்தரும் வேலைக்குச் சேரவில்லை. அந்தக் காலி ஆபீஸில்தான் பூரியையும் கிழங்கையும் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்!

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர் ரகசியமாக போன் செய்தார். "எதுக்குப்பா கஷ்டப்படறே? ராமேஸ்வரம் பக்கத்துலேருந்து நேரா கடல் கல்லே எடுத்துத் தரச் சொல்றேன். உயிரோட வரும், மறுநாளே மீன் விடலாம்."

சபலம் தட்டியது. விசாரித்ததும் பயம் தட்டியது. பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை சார்! கை வைத்தால் 3 முதல் 7 வருஷம் வரை உள்ளே. அது மட்டுமில்லை. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக் காளவாய்க்காக வருஷக்கணக்கில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். என் பெண்ணின் தொட்டிக்காக ஒரு தீவின் அஸ்திவாரத்தில் நானும் ஒரு செங்கல் உருவ வேண்டுமா? நண்பருக்கு நன்றி சொல்லி போனை வைத்தேன்.

காய்ந்த கல்லில் இந்தப் பாவம் இல்லை. ஒரு காலத்தில் கடலாக இருந்து இன்று தரையாகிவிட்ட இடத்தில் வெட்டுவது ஒரு வகை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இப்படி எடுக்கிறார்கள். பட்டறையில் அச்சில் வார்ப்பது இன்னொரு வகை. விலையும் குறைவு. ஒரே செலவு, பொறுமை.

வீடு கட்டியவர்களுக்கு 'க்யூரிங்' தெரியும். கான்கிரீட் போட்டதும் குடியேற முடியாது; தண்ணீர் கட்டிக் காத்திருக்க வேண்டும். இதற்கும் அதே பெயர்தான்.

முதலில் கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலச வேண்டும். சோப் கூடவே கூடாது. ஓட்டைகளில் பழைய பாசி, செத்த ஜீவராசிகள் காய்ந்து கிடக்கலாம். அதற்காக ஆசிட்டிலும் ப்ளீச்சிலும் போடுகிறவர்கள் உண்டு. ஆசிட்டும் ப்ளீச்சும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மீனுக்கு முன்னால் நாம் போய்விடுவோம். குழந்தை இருக்கிற வீட்டில் எனக்கு அந்த வேலையே வேண்டாம் என்று பிரஷ்ஷோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம். ஆர்.ஓ. தண்ணீர். லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடல் மீனுக்கென்றே விற்கிற உப்பு. சமையல் உப்பில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் தேவையான அளவு கிடையாது. தண்ணீர் சுழல ஒரு பம்ப். மேலே மூடி. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

குமாஸ்தாக்கள் எங்கிருந்து வருவார்கள்? கொளத்தூர்க்காரர் தன் தொட்டியில் வருஷக்கணக்காக ஊறிய அச்சுக் கல்லில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கொடுத்தார். டெபுடேஷனில் வந்த சீனியர்கள்! வேலைக்கு ஃபைல் வேண்டுமே? ஒரு பச்சை இறாலைப் போட்டால் போதும். அது அழுகி அம்மோனியா தரும்.

"நான் எறா வறுக்கறேன்னா விலை ஏறிடுச்சும்பீங்க. கல்லுக்கு மட்டும் எறாவா?" என்றாள் மனைவி. நியாயமான ஆடிட் அப்ஜெக்‌ஷன். பதில் சொல்லவில்லை.

மூன்று நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதினேன். முதல் பத்து நாள் அம்மோனியா ஏறியது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது, நைட்ரைட் ஏறியது. முதல் மேஜைக்காரர் வந்துவிட்டார், இரண்டாமவர் இன்னும் ஜாயின் பண்ணவில்லை என்று அர்த்தம். நடுவில் ஒரு ராத்திரி கரண்ட் போய், பம்ப் நின்றது. இந்த ஆசாமிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். மக்கை எடுத்து மொண்டு மொண்டு ஊற்றினேன், இரண்டு மணி நேரம். மறுநாள் ஹவுஸ் ஓனர், "ராத்திரியெல்லாம் குளிக்கிறீங்களே, உடம்புக்கு ஏதாவதா தம்பி?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ஐந்தாவது வாரம் அம்மோனியா சைபர், நைட்ரைட் சைபர். என் வாழ்நாளில் ட்ரயல் பேலன்ஸ் முதல் தடவையே டேலி ஆனது அன்றைக்குத்தான்!

ஆனாலும் அவசரப்படவில்லை. பட்ட சூடு இருக்கிறதே! கடைக்காரர் சொன்ன கடைசிப் பரீட்சையையும் வைத்தேன். பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வரும் அளவுக்கு அம்மோனியம் குளோரைடைக் கரைத்து விட்டு, 24 மணி நேரம் காத்திருந்தேன். இரண்டுமே மறுபடி சைபர். பாஸ்! ரெக்கார்ட் ரூமில் சேர்ந்திருந்த நைட்ரேட்டையும், கல்லிலிருந்து கசிந்த பாஸ்பேட்டையும் தண்ணீரை மாற்றி வெளியேற்றினேன். பிறகு கல்லைத் தொட்டியில் அடுக்கினேன்.

ஆறாவது வாரம் முடிந்து ஒரே ஒரு க்ளவுன் மீன். பதினைந்து நாள் கழித்து இன்னொன்று. அன்றைக்குத்தான் என் பெண்ணின் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். "தண்ணி சுத்தமாத்தாம்மா இருந்துது. அதைச் சுத்தமா வெச்சுக்க ஆளில்லாம போச்சு. அப்பாதான் காத்திருக்கல." கேட்டுக்கொண்டாள்.

"சரி, இதுங்களுக்கு என்ன பேரு?"

"இப்ப வேணாம்ப்பா. மொதல்ல இருக்கட்டும்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மூன்று மாசம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமைதான் பெயர் சூட்டு விழா. இட்லி, வடை. கல்லுக்கும் ஒரு பேர் வேண்டுமென்று, தொட்டி மேல் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள்:

'ஆபீஸ். உள்ளே வேலை நடக்கிறது. கையை விடாதீர்கள்.'