ஒரு கருவி ஊமையானால் என்ன செய்வது?

கியா பார்ம் சந்தைக்கு வருபவர்கள், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் காய்கறித் தோட்டங்களைப் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. அதே சரிவைப் பெருமழை நாளில் பார்த்திருக்கிறீர்களா? மண் தாங்குமா என்ற கவலைதான் வரும்.

மழைநீர் உள்ளே இறங்கும்போது மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் நிரம்பி, அங்கே நீரழுத்தம் கூடுகிறது. அது கூடக்கூடத் துகள்களுக்கு இடையிலான பிடி தளர்கிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் சரிவு நழுவுகிறது. அந்த அழுத்தத்தை மண்ணுக்குள்ளேயே அளந்துகொண்டிருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கலாம் அல்லவா?

கேரளத்தின் மூணாறில் அதைச் செய்திருக்கிறார்கள். நம் கேமரன் மலையைப் போலவே அதுவும் தமிழர் உழைப்பில் உருவான தேயிலை மலை. 2005இல் நிலச்சரிவைக் கண்ட அந்தோனியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் முனைவர் மனீஷா வினோதினி ரமேஷ் தலைமையிலான குழு, நிலத்தைத் துளையிட்டு நீரழுத்தமானி, சாய்வுமானி, அதிர்வுமானி ஆகியவற்றை இறக்கியது. அளவீடுகள் கம்பியில்லாமல் கருவிக்குக் கருவி தாவிக் கள நிலையத்தை அடைகின்றன. அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லத்துக்கு அருகேயுள்ள வளாகத்துக்குச் செல்கின்றன. 2009 ஜூலை கனமழையில், இந்தத் தரவைக் கொண்டு மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

அறுந்த சங்கிலி

இதில் ஒரு கருவி பழுதானால்? என் வகுப்பில் பத்து மாணவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரு செய்தியைக் காதோடு காதாகக் கடத்தச் சொன்னேன். ஐந்தாவது மாணவியை உட்கார வைத்ததும் செய்தி அங்கேயே நின்றுவிட்டது. பிறகு, ஒவ்வொருவரும் அடுத்த இருவருக்குச் சொல்லலாம் என்று விதியை மாற்றினேன். நடுவில் யார் உட்கார்ந்தாலும் செய்தி போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்து இருவர் உட்கார்ந்தபோது மீண்டும் அறுந்தது. பழுது தாங்கும் திறன் என்பது இதுதான்: எத்தனை பேர் விழும்வரை வழி இருக்கும் என்பதை முன்பே கணக்கிட்டு வைப்பது.

மலையில் கருவிகள் விழக் காரணங்கள் பல. மின்கலம் தீரும்; ஈரம் புகும்; மழையில் நனைந்த இலைகள் வானொலி அலையை உறிஞ்சும். நிலையத்துக்கு அருகே உள்ள கருவி மற்றவர் செய்திகளையும் சுமப்பதால், அதன் மின்கலமே முதலில் தீரும்.

ஆகவே ஒவ்வொரு கருவியும் குறித்த இடைவெளியில் “நான் இருக்கிறேன்” என்று அண்டைக் கருவிகளுக்குச் சொல்லும். அந்தக் குரல் சில முறை வராவிட்டால், அவை வேறு வழியைத் தேடும். எட்டாவிட்டால் ஒலிபரப்பும் திறனைக் கூட்டும். ஆனால் அதற்கும் மின்கலமே விலை. அதுவும் போதாவிட்டால், இடைவெளியில் செய்தி கடத்தும் கருவி ஒன்றைப் புதிதாக நட வேண்டும்.

ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். இரண்டு வழிகளும் ஒரே சரிவில் இருந்தால், மண் சரியும்போது இரண்டும் சேர்ந்தே போகும். மாற்று வழி வேறு சரிவில் இருக்க வேண்டும். தனியாக ஒரு கருவி மௌனமானால் மின்கலத்தைச் சந்தேகிக்கலாம். நீரழுத்தம் ஏறிய பிறகு பக்கத்துப் பக்கத்துக் கருவிகள் ஒன்றாக மௌனமானால், அந்த மௌனமே எச்சரிக்கை.

கருவி இல்லாத சரிவில் நம் கண்களே கருவி. தரையில் புதுப் பிளவு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் விலகி நின்று 999க்கு அழையுங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள், ஒருவரிடம் அல்ல, இருவரிடம்.