விளிம்பைத் தாண்ட முடியாதவருக்கு எந்தக் குளியல் தொட்டி?

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் ஐந்தடி நீளக் குளியல் தொட்டிதான் இருக்கும், ஷவரும் அதற்குள்ளேயே. தொட்டியின் விளிம்பு 14 முதல் 20 அங்குலம் வரை உயரம். வாளியும் செம்புமாகக் குளித்துப் பழகிய அம்மா அப்பாவுக்கு, மூட்டு தேய்ந்த வயதில், ஈரக்காலோடு அதைத் தாண்டுவதே பெரும்பாடு.

கடைக்குப் போகும் முன் குளிக்கப் போகிறவரைக் கவனியுங்கள். நாற்காலியிலிருந்து தானாக எழுகிறாரா? படியில் கால் தூக்கி வைக்கிறாரா? குளிக்கும்போது கூட ஒருவர் இருப்பாரா? இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தானாக உட்கார்ந்து எழ முடிகிறவருக்குத் தொட்டியையே மாற்ற வேண்டியதில்லை. இரண்டு கால் வெளியே, இரண்டு கால் தொட்டிக்குள்ளே நிற்கும் பெஞ்சு கிடைக்கிறது. வெளிப்பக்க முனையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக விளிம்பைத் தாண்டி உள்ளே எடுத்துவைத்து, அப்படியே நகர்ந்து ஷவருக்கு அடியில் போய்விடலாம். கூடவே கையில் பிடித்துக் குளிக்கும் ஷவரும் சுவரில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். கம்பியைச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் திருகிப் பொருத்த வேண்டும். உறிஞ்சி ஒட்டும் ரகத்தை நம்பி உடல் பாரத்தைக் கொடுக்கக் கூடாது.

வெந்நீரில் அமிழ்ந்து உட்கார்ந்தால்தான் வலி குறைகிறது என்பவருக்குக் கதவு வைத்த தொட்டி பொருந்தும். இதன் வாசற்படி சில அங்குலம்தான். உள்ளே நாற்காலி உயரத்தில் இருக்கை இருக்கும். ஆனால் இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தண்ணீர் திறக்க வேண்டும். முழுதும் வடிந்த பிறகுதான் வெளியே வர முடியும். அதுவரை ஈர உடம்போடு நடுங்கிக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் சீக்கிரம் வடியும் ரகமாகப் பாருங்கள். கை எட்டும் இடத்தில் துண்டு இருக்கட்டும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது முக்கியம். உள்பக்கம் திறப்பதைத் தண்ணீரின் அழுத்தமே இறுக்கிப் பிடிப்பதால் கசிவு குறைவு. ஆனால் உள்ளே மயங்கிச் சரிந்தால், தண்ணீர் வடியும்வரை கதவைத் திறக்க முடியாது. கால் மடக்க முடியாதவருக்கும் சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்காருபவருக்கும் வெளிப்பக்கம் திறப்பதே வசதி. அதற்கு அறையில் இடம் வேண்டும். மறதி நோய் உள்ளவரை எந்தத் தொட்டியிலும் தனியே விடக் கூடாது.

வெந்நீர்க் கணக்கும் உண்டு. கதவு வைத்த தொட்டிகள் பல 150 லிட்டருக்கு மேல் கொள்ளும். வீட்டு வெந்நீர்த் தொட்டி சிறியதாக இருந்தால் பாதியிலேயே பச்சைத் தண்ணீர் வரும். மாடிக் குளியலறை என்றால் தண்ணீரும் ஆளும் சேர்ந்த பாரத்தைத் தரை தாங்குமா என்று கேளுங்கள். உணர்ச்சி குறைந்த கால் சூட்டை அறியாது. குழாயில் வரும் நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தும் வால்வு அவசியம்.

நிற்கவே முடியாதவருக்கு எந்தத் தொட்டியும் வேண்டாம். வாசற்படியே இல்லாமல் சக்கர நாற்காலி உருண்டு நுழையும் ஷவர்தான் சரி.

செலவுக்குக் கொஞ்சம் கைகொடுக்க கனடாவில் ‘ஹோம் ஆக்சசிபிலிட்டி’ வரிச்சலுகை உண்டு. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் அல்லது மாற்றுத்திறனாளி வரிச்சலுகைக்குத் தகுதி பெற்றவர் வசிக்கும் வீட்டில் நிரந்தரமாகச் செய்யும் மாற்றங்களுக்கு, ஆண்டுக்கு 20,000 டாலர் வரையான செலவைக் கணக்கில் காட்டலாம். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பார்ப்பது நல்லது.

“இன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி” என்று சொல்லும் விற்பனையாளரிடம் அவசரப்படாதீர்கள். குளிக்கப் போகிறவரே கடையில் உள்ள தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, தன் கையாலேயே கதவை மூடித் திறந்து பார்க்கட்டும். அவரால் முடியவில்லை என்றால் அந்தத் தொட்டியை வாங்காதீர்கள்.