சோப்பை அச்சாக்கிக் கட்டிய சுவர்
புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் நுண்துளைகளால்தான். அந்தத் துளைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. துளைகள் எல்லாம் ஒரே அளவில், தேன்கூடு போல வரிசையாக அமைந்த சிலிக்காவை மொபில் நிறுவன வேதியியலாளர்கள் 1992-இல் அறிவித்தார்கள். அதற்கு அச்சாக இருந்தவை சோப்பு போன்ற மூலக்கூறுகள். அவற்றின் தலை தண்ணீரை நாடும், வால் தண்ணீரை விட்டு ஒதுங்கும். தண்ணீரில் அவை வால்களை உள்ளே மறைத்து உருளைகளாகத் திரள, சுற்றிலும் சிலிக்கா இறுகும். பிறகு சூளையில் வைத்தால் சோப்பு எரிந்துபோய் உருளை இருந்த இடம் துளையாகும்.

ஆனால் சுவர் வெறும் சிலிக்காதான். அதற்கு வேறு குணம் சேர்க்கக் கரிம மூலக்கூறுகளைத் துளைக்குள் பூச்சாகப் பூசலாம். ஆனால் குறுகிய துளை இன்னும் குறுகிவிடும். 1999-இல் ஜப்பானின் டொயோட்டா மத்திய ஆய்வுக்கூடத்தில் ஷின்ஜி இனகாகி, டொரான்டோவில் ஜெஃப்ரி ஓசின், மின்னசோட்டாவில் ஆண்ட்ரியாஸ் ஸ்டெய்ன் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே வேறு வழி கண்டன. பூச்சை விட்டுவிட்டுச் செங்கல்லையே மாற்றினார்கள்.

அந்தச் செங்கல் ஒரு மூலக்கூறு. நடுவில் பென்சீன் வளையம் என்று வையுங்கள். இரு முனையிலும் ஒவ்வொரு சிலிக்கான். ஒவ்வொரு சிலிக்கானிலும் மூன்று ஈத்தாக்சிக் கைகள். தண்ணீர் பட்டதும் இந்தக் கைகள் எத்தனாலாகக் கழன்று போகும். அந்த இடங்களில் ஆக்சிஜன் வழியாகப் பக்கத்துச் சிலிக்கானுடன் பிணைப்பு விழும். பென்சீனையும் சிலிக்கானையும் இணைக்கும் கார்பன் பிணைப்பைத் தண்ணீர் தொடுவதில்லை. இந்த வித்தை முழுக்க நிற்பது அதன்மேல்தான்.

செய்முறையைப் பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கும். சோப்பும் காரமும் கரைந்த வெந்நீரில் அந்தச் செங்கல் மூலக்கூறுகளாலான எண்ணெய் போன்ற திரவத்தை ஊற்றி, விடாமல் கலக்கி, பிறகு ஒரு நாள் போலச் சூட்டில் வைக்க, வெள்ளைத் தூள் படியும். இதைச் சூளையில் வைக்கக்கூடாது. சோப்போடு பென்சீனும் எரிந்துவிடும். அதனால் அமிலம் கலந்த எத்தனாலில் சூடாக்கிச் சோப்பை மட்டும் அலசி எடுக்கிறார்கள். மிஞ்சும் தூளில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 800 சதுர மீட்டர், ஐந்து வாலிபால் ஆடுகளங்கள் அளவு.

இனகாகி குழு 2002-இல் வெளியிட்ட முடிவுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. துளையின் அகலம் 3.8 நானோமீட்டர். எக்ஸ் கதிரில் பார்த்தபோது துளைகள் மட்டுமல்ல, சுவருக்குள் பென்சீன் வளையங்களும் 0.76 நானோமீட்டருக்கு ஒரு வரிசையாக, சிலிக்கா அடுக்கும் பென்சீன் அடுக்கும் மாறி மாறி நின்றன. சோப்பு அச்சு துளைக்கு மட்டும்தான். சுவருக்குள் இருந்த வரிசை அந்த மூலக்கூறுகள் தாமாகவே அமைத்துக்கொண்டது.