எரிந்த கறுப்புச் சட்டை

2007-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். அக்காலை நாம் ஓசூர்ப் பகுதியில் உதவிப் பங்குக் குருவாகப் பணியாற்றி வந்தோம். ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்ததும் தாய் ஒருவர் கையில் கறுப்புச் சட்டையொன்றுடன் வந்து நின்றார். அவருடைய மகன் சிப்காட் தொழிற்சாலையொன்றில் பணி செய்பவன். நம் பாடற்குழுவின் நல்ல குரல்களுள் ஒருவன். சட்டையிலோ பிணம் போன்றதொரு கோர உருவம்!

"சாமி, என் பிள்ளை சாத்தானைக் கும்பிடுகிறான் என்கிறார்களே! இதை எரித்துவிடட்டுமா?" என்று கண்ணீர் உகுத்தார். நாமும் சிறிதும் ஆராயாமல், "எரித்துவிடுங்கள் அம்மா" என்றோம். அவரும் எரித்தார். மறு ஞாயிறு முதல் பாடற்குழுவில் அவனுடைய இடம் வெறுமையாயிற்று.

இலண்டனில் 1975-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஸ்டீவ் ஹாரிஸ் என்பார் தொடங்கிய 'அயர்ன் மெய்டன்' என்னும் ராக் இசைக் குழுவின் சட்டை அது. 'எட்டி' என்பது அக்கோர உருவத்தின் பெயர். அக்குழு 2007 மார்ச்சு 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் முதன்முறையாக இந்திய மண்ணில் இசைத்தது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தானே! அத்திப்பள்ளி வழியே பேருந்தேறிச் சென்றோருள் நம் இளைஞனும் ஒருவன்.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு தேநீர்க் கடையில் அவனும் அவனுடைய கன்னட நண்பனும் வழக்காடக் கேட்டோம். நண்பனுக்கு, பால் டியானோ பாடிய 1980, 1981-ஆம் ஆண்டுகளின் முதலிரு இசைத்தட்டுகளே உண்மையான மெய்டன். இவனுக்கோ, 1981-இல் பாடத் தொடங்கிய புரூஸ் டிக்கின்சனுக்கு இணை எவருமில்லை. பிளேஸ் பெய்லி பாடிய 1995, 1998 தட்டுகளை விமர்சகர் தாழ்த்தியது நீதியா? 2006-இல் புதிய தட்டு முழுவதையும் மேடையில் இசைத்தது தகுமா? தேநீர் ஆறிற்று, வழக்கு ஆறவில்லை.

நாம் அருகில் அமர்ந்து, "666 என்று பாடுகிறார்களாமே?" என்று வினவினோம். அவன் சினவாது விடையளித்தான். அவ்வெண் திருவெளிப்பாடு 13-ஆம் அதிகாரத்தில் உள்ளதே. பேய்ப்படமொன்றைக் கண்டபின் ஹாரிசுக்கு வந்த தீக்கனவே 1982-இல் அப்பாடலாயிற்று. அமெரிக்காவில் சிலர் அத்தட்டுகளைத் தீயிலிட்டனர். அதே தட்டின் இறுதிப் பாடலோ, தூக்குமேடைக்குச் செல்லும் கைதி தன் ஆன்மாவை நினைக்கும் பாடல். 1984-ஆம் ஆண்டுத் தட்டில், பறவையைக் கொன்று மனம் வருந்தும் மாலுமியைப் பற்றிய கோல்ரிட்ஜின் கவிதை 13 நிமிடப் பாடலாகியுள்ளது. 1983-இல் வந்த ஒரு பாடலின் தொடக்கம், 1922-இல் கத்தோலிக்கரான ஜி.கே. செஸ்டர்டன் இயற்றிய இறைப்பாடல். முரசறைந்த நிக்கோ மெக்பிரெய்ன் 1999-இல் கிறிஸ்தவ வாழ்வுக்குத் திரும்பியவர். அதன்பின்னும் 2024 முடிய மேடைகளில் முழக்கினார்.

குருமடத்தில் செஸ்டர்டனின் உரைநடையைப் படித்த நாம் அவ்விறைப்பாடலை அறியோம்! நாணித் தலைகுனிந்து, "தம்பி, கேளாமல் தீர்ப்பிட்டோம், பொறுத்துக்கொள்" என்றோம். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் அவன் குரல் மீண்டும் ஒலித்தது. அவனுடைய தாயோ, தம் சிறுசேமிப்பை எடுத்து, பெங்களூருக்கு மகனையே அனுப்பி, மற்றொரு கறுப்புச் சட்டை வாங்கச் செய்தார்.

2024 அக்டோபர் 21 அன்று டியானோ காலமானார். செய்தியறிந்ததும் நம் பாடகர் நண்பனின் இல்லத்திற்கு விரைந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக எதிர்வழக்காடியவர் அன்று ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லையாம். இருவரும் அம்முதல் தட்டை முழுவதும் கேட்டார்களாம்.

பெற்றோரே, எல்லா ஓசையும் எல்லா வயதுக்கும் ஏற்றதன்று. கண்காணிப்பது உங்கள் கடமை. ஆயினும் தீக்குச்சியை எடுக்குமுன் பிள்ளையின் அருகில் ஒரு முறை அமர்ந்து, "இதில் உனக்கு எது பிடித்தது?" என்று கேளுங்கள். நாம் அன்று கேட்டிருந்தால், ஒரு தாயின் கண்ணீரும் ஒரு மகனின் மௌனமும் நேர்ந்திரா.