பாதியான விலைச்சீட்டு

2018இல் 1,979 டாலர். 2019இல் 979 டாலர். இரண்டும் இன்டெல் அறிவித்த விலைகள், இரண்டும் 18 கோர் கொண்ட பிராசசர்கள், இரண்டும் 14 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. ஓராண்டில் தயாரிப்புச் செலவு பாதியாகிவிடவில்லை. வாங்குபவர் போக வேறு கடை திறந்துவிட்டது, அவ்வளவுதான். 2017 மார்ச்சில் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ரைசன் வரிசையில் எட்டு கோர் சிப்பை 499 டாலருக்கு இறக்கியது. அன்று இன்டெலின் எட்டு கோர் சிப் ஆயிரம் டாலருக்கு மேல். சாதாரண வீட்டுக் கணினிக்கான வரிசையிலோ இன்டெல் பத்தாண்டாக நான்கு கோரைத் தாண்டவே இல்லை. ரைசன் வந்த ஏழாம் மாதம் ஆறு கோர் தந்தது. விலை ஏறியது 20 டாலர்தான். போட்டி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது: விலைச்சீட்டு அதிகம் அசையாது, ஏறக்குறைய அதே காசுக்குக் கிடைக்கும் சரக்கு கூடும். இதுவும் விலைக்குறைப்பே.

முதலீட்டாளர்கள் ஏமாந்த இடமும் இதுதான். 2018 முதல் 2020 வரை இன்டெலின் வருவாய் ஆண்டுதோறும் புதிய உச்சம் தொட்டது. கிளவுட் நிறுவனங்களும், பிறகு பெருந்தொற்றுக் காலத்து மடிக்கணினித் தேவையும் விற்பனையைத் தூக்கி நிறுத்தின. ஆனால் மொத்த லாப விகிதம் 2018இல் சுமார் 62 சதவீதம், 2020இல் 56, 2022இல் 43க்கும் கீழே. எவ்வளவு விற்றது என்பதை வருவாய் சொல்லும்; கேட்ட விலை கிடைத்ததா என்பதை லாப விகிதம்தான் சொல்லும்.

இன்டெலைச் சாய்த்தது போட்டியல்ல, 10 நானோமீட்டர் உற்பத்தியில் அது பட்ட பல ஆண்டுத் தாமதமே என்று வாதிடுவோர் உண்டு. தாமதம் உண்மை. பிற்பாடு கணினிச் சந்தை சுருங்கியதும், புதிய ஆலைகளுக்குக் கொட்டிய பணமும் சேர்ந்துகொண்டன. ஆனால் 14 நானோமீட்டரும் தாமதமாகத்தான் வந்தது. அப்போது லாப விகிதம் இப்படிச் சரியவில்லை. காரணம், அன்று எதிரே வலுவான ஆள் இல்லை. 2019 ஜூலையில் ஏஎம்டி தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்த 7 நானோமீட்டர் சிப்போடு வந்த பிறகே தாமதத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று, 1992 முதல் தந்துவந்த ஈவுத்தொகையை நிறுத்தப்போவதாக இன்டெல் அறிவித்தது. மறுநாள் பங்கு விலை 26 சதவீதம் விழுந்தது. லாப விகிதமோ அதற்கு ஐந்தாண்டு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது.