பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள்

வேலைக்குப் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே கம்பெனி ஆள் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்பார். மிரட்ட மாட்டார். ‘கேம்ப்பில் திருட்டுப் போய்விடும், ஆபீஸில் பத்திரமாக இருக்கும்’ என்று அக்கறையாகவே சொல்வார். கூடவே புரியாத மொழியில் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் காட்டுவார். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் கூலி வேலைக்குப் போகும் நம் மக்களில் பலருடைய பாஸ்போர்ட் இப்படித்தான் கைமாறுகிறது. பிறகு ஊருக்குப் போகவோ வேறு வேலை பார்க்கவோ கேட்கும்போதுதான் அது திரும்ப வராது என்று தெரிகிறது.

இது ஊரோடு ஒத்த வழக்கம் என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. கம்பெனி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தடுக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. சவூதி அரேபியாவில் 2000-ஆம் ஆண்டின் அமைச்சரவை முடிவிலேயே இந்தத் தடை இருக்கிறது. மலேசியாவில் உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம்; 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இந்தியாவின் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அந்தச் சிறு புத்தகம் எப்போதும் மத்திய அரசின் சொத்து. அதை முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு, புலனாய்வு அமைப்புக்குக்கூடக் கிடையாது என்று 2008-இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கிறது? அந்தக் கையெழுத்தினால்தான். கத்தாரின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பு அனுமதி எடுக்கும் வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும், மீறினால் 25,000 ரியால் வரை அபராதம் என்கிறது. ஆனால், ‘நீங்களே வைத்திருங்கள்’ என்று தொழிலாளி எழுதிக் கேட்டால் கம்பெனி வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. நம் பாஸ்போர்ட்டிலும், அது உரியவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ இருக்க வேண்டும் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. முதல் வாரத்தில் புரியாமல் போட்ட கையெழுத்து, ‘அவர் விரும்பித்தான் கொடுத்தார்’ என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. விமான நிலையத்திலிருந்து நேராகக் கேம்ப்புக்கு வந்து, ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடனை நினைத்தபடி நிற்கும் ஒருவர் அந்த நேரத்தில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வது அநியாயம்.

‘விசாவுக்குச் செலவு செய்திருக்கிறோம், ஓடிவிட்டால்?’ என்று முதலாளிகள் கேட்பார்கள். பணத் தகராறு இருந்தால் அதற்குத் தொழிலாளர் அலுவலகமும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆளையே ஈடாகப் பிடித்து வைக்கும் உரிமையை அந்தச் செலவு தந்துவிடாது. ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் 11 அடையாளங்களில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருந்தால் சம்பளம் பாக்கி விழுந்தாலும் கேட்க வாய் வராது. அப்பா இறந்த செய்தி வந்தாலும் கிளம்ப முடியாது. பொறுக்க முடியாமல் வெளியேறினால் முதலாளி ‘ஓடிவிட்டான்’ என்று புகார் கொடுப்பார். சவூதியில் இதற்கு ஹுரூப் என்று பெயர். அதன் பிறகு பாதிக்கப்பட்டவரே பிடிபட வேண்டிய ஆளாகிவிடலாம்.

ஆகவே கிளம்பும் முன்பே சில ஏற்பாடுகள் வேண்டும். ஏஜென்ட் உரிமம் பெற்றவர்தானா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒருவரிடமும் உங்கள் போனிலும் வையுங்கள். விசா அடிக்கவும் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி எடுக்கவும் கம்பெனி பாஸ்போர்ட்டைக் கேட்பது நியாயமே. கொடுக்கும்போது என்றைக்குத் திரும்ப வரும் என்று கேட்டு வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பின்னாளில் அதுவே சான்று. புரியாத தாளில் கையெழுத்துக் கேட்டால் படம் எடுத்து, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் புகார் செய்யுங்கள். துபாய், ரியாத், கோலாலம்பூர் போன்ற இடங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கென்றே உதவி மையங்கள் உள்ளன. கூடியவரை, வேலையிடத்தை விட்டு வெளியேறும் முன்பே புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருப்பது தெரிந்தும் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துப் புதியது வாங்கச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் வாங்குவது நம் சட்டப்படி குற்றம்.

வீட்டு வேலைக்குப் போன பெண்களின் நிலை இன்னும் கடினம். வெளியே போக விடுவதில்லை, போனையும் பறித்துவிடுகிறார்கள். அவர்களுக்காக ஊரில் இருக்கும் குடும்பத்தாரே வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம். இலங்கைத் தமிழர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது.

முதலாளி கடைசிவரை தராவிட்டால், ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் வழங்கும். அவுட்பாஸ் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் முதலாளி கொடுத்த புகாரோ வழக்கோ அதனால் நீங்கிவிடாது. அது தீர்ந்தால்தான் குடிவரவு அலுவலகம் வெளியே விடும். சம்பளப் பாக்கி இருந்தால் விமானம் ஏறும் முன்பே தொழிலாளர் அலுவலகத்தில் வழக்கைப் பதிந்து, அதைத் தொடர நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.